பெற்றோல் கியூக் கொப்பி

கிண்ணியா,
வியாழக்கிழமை விடியக்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகள் ஸல்ஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உம்மா சுகம், அடுத்த வீட்டுச் சித்தி பரீதா தேவைக்கு அதிகமாகவே சுகம், நான் சுகம் என்று நான் சொல்கிறேன், இல்லை என்று உம்மா சொல்கிறார். நீயும் அங்கே சளி, காய்ச்சல் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிருக்குள் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதத் தொடங்குகிறேன். வட்ஸ்அப் இருக்கும்போது வாப்பாவுக்கு ஏன் கடதாசி என்று கேட்பாய். வாயால் சொல்லப் போனால் நான் அதைப் பகிடியாக்கி நழுவிவிடுவேன், அது உனக்கும் தெரியும். பேனையால் எழுதினால் வெட்டினாலும் வெட்டின அடையாளம் கிடக்கும். எழுதி முடிந்ததும் உம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவார், ஆகவே அவரைப் பற்றி இதில் இருப்பதெல்லாம் அவர் பார்த்து அனுமதித்தது என்று எடுத்துக்கொள். நாளை உங்கள் நேரம் பின்னேரம் ஐந்து மணிக்குள் ஹொனர்ஸ் வகுப்பை விட்டு விலகும் படிவத்தை நீ கொடுத்தாக வேண்டும் என்றாய். கொடுப்பதற்கு முன் இதை வாசி. கொடுத்துவிட்டு வாசித்தால் நான் இவ்வளவு வெட்கப்பட்டதெல்லாம் வீண்.

சனிக்கிழமை நீ கேட்டது எனக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம். இந்த வகுப்பு என்ஜினியரிங் பட்டத்துக்குக் கட்டாயம் இல்லை, வாசிக்கிற வேலை கூட, கட்டமைப்புப் பாடத்தில் புள்ளி கொஞ்சம் இறங்கிவிட்டது, விட்டுவிடவா வாப்பா என்று கேட்டாய். விடு என்று நான் சொல்ல வேண்டும் என்று நீ கேட்கவில்லை, விடாதே என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கேட்டாய், அது உன் குரலிலேயே இருந்தது. நான் ஒரு நிமிஷமும் பன்னிரண்டு செக்கனும் வொய்ஸ் அனுப்பினேன். ஒரு பாடத்தைப் பிடித்தால் அதை ஒழுங்காகப் பிடிக்க வேண்டும், இதையும் அதையும் கலந்தால் எதுவும் செமிக்காது, விட்டுவிடு என்று, ஏதோ உலகத்துக்கே பாடம் எடுக்கிற குரலில் சொன்னேன். நீ “சரி வாப்பா” என்று இரண்டு சொல் அனுப்பினாய். ஒரு செருப்பு வாங்கப் போனால் மூன்று நாள் என்னோடு வாதாடுகிற பிள்ளை இரண்டே சொல்லில் முடித்துவிட்டாள். நான் அதைக் கீழ்ப்படிவு என்று நினைத்து ஒரு தேத்தண்ணியும் குடித்தேன். உன் உம்மா குசினியில் நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். மீன் வெட்டிய கையோடு வாசலுக்கு வந்து, சத்தம் போடாமல், நாளைக்கு என்ன கறி என்று கேட்பது போலச் சொன்னார்: “ஸல்ஹாட வாப்பா, நீங்க சொன்னது புத்தி இல்ல. ஒங்களுக்குப் புள்ளையில எரிச்சல்.”

நான் எப்படிச் சண்டை பிடித்திருப்பேன் என்று நீயே யோசித்துப் பார். எந்தத் தகப்பனாவது பெற்ற பிள்ளையில் எரிச்சல் படுவானா, பொறாமைப்படுவானா என்று கேட்டேன். உம்மா மீனைக் கழுவப் போய்விட்டார். அது ஒரு பாரை மீன், முகத்தைப் பார்த்தால் அதுவும் உம்மாவின் பக்கம்தான்.

இப்போது ஒப்புக்கொள்கிறேன் மகள், எரிச்சல்தான். அது எப்படி ஏறினது என்பதையும் எழுதிவிடுகிறேன். முதல் கிழமை நீ சொன்னாய், வகுப்பின் பெயர் ‘காத்திருத்தல்’, ஒரே வகுப்புக்கு இரண்டு பேராசிரியர்கள் ஒன்றாக வருகிறார்கள், ஒருவர் கியூக்களுக்குக் கணக்குப் போடுகிறவர், மற்றவர் கதை, நாவல் படிப்பிக்கிற பெண் என்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்தது காணாது என்று வேலிக்கு மேலால் சித்தி பரீதாவுக்கும் சொன்னேன். அவர் கேட்டார், காத்துக்கொண்டு நிற்கிறதைப் படிக்க அமெரிக்காவுக்கா போக வேணும், பிள்ளையைத் தோப்பூர் பஸ்ஸுக்கு ஒரு நாள் நிறுத்தி வைத்திருந்தால் பட்டமே கொடுத்திருக்கலாமே என்று. இரண்டு பேரும் நல்லாய்ச் சிரித்தோம். இரண்டாம் கிழமை நீ சொன்னாய், இரண்டு பேரும் உங்கள் முன்னாலேயே வாதாடினார்கள், வருகிறவர் எத்தனை, வேலை முடிந்து போகிறவர் எத்தனை, அவ்வளவுதான் காத்திருத்தல் என்று கணக்குக்காரர் சொன்னாராம், பிள்ளைப்பேற்று வார்டுக்கு வெளியே நிற்கிறவனும் லைசன்ஸ் எடுக்க நிற்கிறவனும் உங்கள் கணக்கில் ஒரே ஆளா என்று அந்தப் பெண் கேட்டாராம், பிறகு நீங்கள் பதினெட்டுப் பேரும் ஒரு மணித்தியாலம் மறந்து கதைத்தீர்களாம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் ரியூட்டறியில் கணிதம் படிப்பிக்கிறேன், என் வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற ஒரே கேள்வி, சேர், இது சோதனைக்கு வருமா என்பதுதான். இங்கே இரண்டு சேர்மார் பிள்ளைகளுக்கு முன்னால் வாதாடினால் அதைத் தீர்த்துவைக்கப் பள்ளிவாசல் நிர்வாகம்தான் வரும்.

மூன்றாம் கிழமைதான் நெருப்பு நன்றாகப் பிடித்தது. பெற்றோல் தட்டுப்பாட்டு வருஷம் நான் டவுனில் மோட்டச்சைக்கிளோடு இரண்டு நாள் கியூவில் கிடந்ததையும், நீ பஸ்ஸில் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்ததையும், மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எத்தனை வாகனம் நகர்ந்தது என்று நான் ஒரு கொப்பியில் எழுதியதையும் நீ வகுப்பில் சொல்லியிருக்கிறாய். வகுப்பே கை தட்டினதாம். மகள், வெயிலில் கிடந்தது நான், கை தட்டு உனக்கு. கணக்குப் பேராசிரியர் அந்தக் கொப்பியைப் பார்க்க ஆசைப்படுகிறார், படம் பிடித்து அனுப்ப ஏலுமா வாப்பா என்று நீ கேட்டாய். வீட்டுக்கு வெள்ளையடித்த நேரம் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். பொய். அது அலுமாரியில் என் கலியாணக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. உனக்குப் பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்த கையோடு போய் இருக்கிறதா என்று பார்த்தும் வந்தேன். என் கியூவுக்கு அங்கே ஒருவர் சூத்திரம் வைத்திருக்கிறார், மற்றவர் அதில் கதை காண்கிறார், நடுவில் என் மகள் இருந்து இரண்டு பேரோடும் கதைக்கிறாள், எனக்கு அந்த வகுப்பின் கடைசி வாங்கில்கூட இருக்க இடமில்லை என்று நினைக்க வயிறு எரிந்தது. கொப்பியையாவது கொடுக்காமல் இருப்போமே என்று நினைத்தேன். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு புத்தி.

எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் கிடக்கிறது. ஓ.எல். சோதனை முடிந்து உயர்தரத்துக்கு நீ படிவம் நிரப்பின நாள், கணிதத்தோடு வரலாறும் எடுக்க ஏலுமா வாப்பா என்று கேட்டாய். ஏலாது என்பது சட்டம், அது உண்மை. ஆனால் நீ பென்சிலால் எழுதியிருந்த ‘வரலாறு’ என்ற சொல்லை நான் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி நேராக வெட்டினேன், அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. நான் படித்த காலத்தில் என் படிவத்தில் தமிழ் இலக்கியத்தை ஒரு கிளாக்கர் வெட்டினார், அவருடைய கோடாவது கோணலாக இருந்தது. நான் அவரைவிடச் சுத்தமாக வெட்டுகிறவன். ரியூட்டறி வாசலில் ‘ஒரே பாடம், ஒரே பாதை’ என்று பலகை எழுதிவைத்து, எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளின் படிவத்தில் வெட்டியிருக்கிறேன். அங்கே நீ இரண்டையும் ஒரே மேசையில் வைத்திருக்கிறாய் என்று கேட்டதும், என் கோடு வீணாய்ப் போய்விட்டதே என்று ஒரு கோபம் வந்தது. சனிக்கிழமை அனுப்பின வொய்ஸ் அந்த அடிமட்டம்தான், வேறொன்றும் இல்லை.

உம்மாவிடம் தோற்க மனம் வராமல் நான் என்ன செய்தேன் என்று கேள். இரண்டு சேர் ஒரு வகுப்பில் நின்றால் குழப்பம்தான் வரும் என்று நிரூபித்துக் காட்ட, நானே அப்படி ஒரு வகுப்பு வைப்பது என்று முடிவெடுத்தேன். கூட நிற்க ஆள் தேடத் தேவையில்லை, லாபிர் சேர் இருக்கிறார். உனக்குத் தெரியும், எனக்கும் அவருக்கும் ஒரே மண்டபம், ஒரு நாள் எனக்குக் கணிதம், மறுநாள் அவருக்கு வரலாறு, பத்து வருஷமாக அவர் ஒரு நாளாவது போர்டை அழித்துவிட்டுப் போனது கிடையாது. நான் அட்சரகணிதம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் போர்த்துக்கேயரைத் துடைத்து அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட ஆளோடு வகுப்பு வைத்தால் தோல்வி நிச்சயம் என்ற நம்பிக்கையில் போய்க் கேட்டேன். அவரும் உடனே ஓம் என்றார். பிள்ளைகளுக்கு முன்னால் நான் விழுவதைப் பார்க்கிற ஆசையில்தான் ஓம் என்றார் என்பதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார். பாடம், பாலம் கட்டுவதற்கு முன் கிண்ணியாப் பாதையில் சனம் காத்துக்கொண்டு நின்றது. வந்திருந்த பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பாலம் திறந்த பிறகு பிறந்ததுகள், பாதை என்றால் வாகனங்களையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற மிதவை என்பதையே முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வைத்தோம். ஆளுக்கு இருபது நிமிஷம் என்று பேச்சு. நான் போர்டின் ஒரு பக்கத்தில் ஆற்றைக் கீறி, ஒரு தரத்துக்கு இத்தனை வாகனம், போய்வர இத்தனை நிமிஷம், முதலில் வந்தவர் முதலில் ஏறுவார் என்று வைத்து, சராசரி நாற்பது நிமிஷம் என்று அழகாக முடித்தேன். கீழே இரண்டு கோடும் போட்டேன். லாபிர் சேர் கதிரையில் இருந்தபடியே போர்டைப் பார்த்துச் சொன்னார்: “றுவைஸ் சேர், ஒங்கட கணக்குல நிக்கிற ஆக்கள்ல ஒருத்தன்கூடக் கிண்ணியாக்காரன் இல்ல.” பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள். முதலில் வந்தவரா முதலில் ஏறினது என்று கேட்டார். இறந்தவரைச் சுமந்து ஜனாஸா வந்தால் எல்லாரும் ஒதுங்குவார்கள், பிள்ளைத்தாச்சி வந்தால் ஒதுங்குவார்கள், சோதனைக்குப் போகிற பிள்ளைக்கு இடம், பிறகு மீன் லொறிக்கு, அது மரியாதையால் இல்லை, மணத்தால் என்றார். எனக்குக் கோபம் வந்தது, அப்படியென்றால் அதையும் கணக்கில் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னுரிமை இலக்கம் கொடுத்தால் சரி என்றேன். அவர் சேர்க்க ஏலாது என்றார், நான் ஏலும் என்றேன், சத்தம் கொஞ்சம் கூடினது. பிள்ளைகள் பேனையைக் கீழே வைத்துவிட்டார்கள். என் வகுப்பில் பேனை கீழே போனால் நித்திரை என்று அர்த்தம், நேற்று அப்படி இல்லை, எல்லாருடைய கண்ணும் திறந்து கிடந்தது.

அப்போது ஷிஃபானா என்று ஒரு பிள்ளை எழும்பினாள். வருஷம் முழுக்க என் வகுப்பில் வாய் திறக்காதவள், அவளுக்குக் குரல் இருப்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவளுக்கு மூத்த நானாவைப் பெறுவதற்கு அவளுடைய உம்மாவுக்கு நோக்காடு கண்டு ஊர்ப் பக்கத் துறைக்கு ஓடி வந்த நேரம், பாதை அந்தக் கரையில் நின்றதாம். அந்தக் கரையில் டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த ஒரு ஜனாஸா, ஏற்றுவதற்கு ஆயத்தமாக. இந்தக் கரையில் சனம் கையைக் காட்டிச் சத்தம் போட்டிருக்கிறது. ஜனாஸாக்காரர்கள், ஏற்றுகிற நேரம்கூட வேண்டாம், நாங்கள் நிற்கிறோம், நீங்கள் போய் அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பாதையை வெறுமையாகவே அனுப்பினார்களாம். ஷிஃபானா இதைச் சொல்லிவிட்டு என்னையும் லாபிர் சேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டாள்: “சேர், இத எந்தக் கொப்பில எழுதுற? கணக்குக் கொப்பிலயா, வரலாத்துக் கொப்பிலயா?”

மகள், வெறுமையாகப் போன பாதை என் கணக்கில் நட்டம். அவருடைய வரலாற்றில் ஒரு திகதிகூட இல்லாத சம்பவம். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். போர்த்துக்கேயர் வந்த நாளிலிருந்து ஓயாமல் கதைத்துக்கொண்டிருக்கிற மனுசன் சோக்கை என் பக்கம் நீட்டினார். கடைசியில் நான்தான், எதிலாவது எழுது மகள், ஆனால் எழுதாமல் மட்டும் விட்டுவிடாதே என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் உன்னுடைய “சரி வாப்பா” நெஞ்சில் வந்து குத்தினது. யாரோ பெற்ற பிள்ளைக்கு எழுது என்கிறேன், என் பிள்ளைக்கு விட்டுவிடு என்றிருக்கிறேன். வகுப்பு முடிந்து போகும்போது போர்டை இரண்டு பேருமே அழிக்கவில்லை. வாசலில் என் பலகையைப் பார்த்து லாபிர் சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அவர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நிரூபிக்கப் போன வாப்பா திரும்பி வந்த முகத்தை உம்மா பார்த்தார், தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுத் தந்தார். அது அனுதாபமா நக்கலா என்று இன்னும் பிடிபடவில்லை.

பிறகு அலுமாரியைத் திறந்து அந்தப் பெற்றோல் கொப்பியை எடுத்தேன். எழுதின நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் திறந்து வாசித்தேன். முன் மட்டையில் என் பெயர் இருக்கிறது, ‘பாடம்’ என்ற இடத்தில் ஒன்றும் இல்லை, என்ன எழுதுவது என்று அன்றும் தெரிந்திருக்கவில்லைப் போலிருக்கிறது. இடப் பக்கம் எல்லாம் இலக்கம், ஆறு மணிக்கு இத்தனை, ஏழு மணிக்கு இத்தனை என்று. வலப் பக்கத்தில் நான் ஊர்க்கதை எழுதி வைத்திருக்கிறேன், அது எனக்கே மறந்துபோய்விட்டது. சாம்பல்தீவுத் தவராசா, மருந்தெடுக்கப் போக வேண்டிய ஒருவருக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார், பிறகு ஒன்றரை மணித்தியாலம் அதைப் பற்றியே கதைத்து எங்களுக்குத் தலையிடி தந்தார் என்று ஒரு குறிப்பு. குச்சவெளியிலிருந்து வந்த ஒருவர் கருவாட்டுப் பொரியலும் சோறும் எல்லாருக்கும் பகிர்ந்தார் என்று இன்னொன்று. இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு நேரே, சின்ன எழுத்தில், இப்படி இருக்கிறது: ‘கைக்குழந்தையோடு ஒரு ஆள் முன்னுக்கு விட ஏலுமா என்று கேட்டார். நான் நித்திரை மாதிரிக் கிடந்தேன்.’ இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. உனக்கும் சொல்லவில்லை, உன் வகுப்பில் கை தட்டினவர்களுக்கும் தெரியாது. அந்த மனுசனுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன், சனிக்கிழமை உனக்குக் கண்ணைத் திறந்துகொண்டே அதைச் செய்திருக்கிறேன்.

ஆகவே அந்த வொய்ஸை அழித்துவிடு மகள், அதில் இருந்தது புத்திமதி இல்லை. வகுப்பை விட வேண்டாம். கட்டமைப்புப் பாடத்தில் இறங்கின புள்ளியை ஏற்றுவதற்கு ஞாயிறு தோறும் நான் போனில் இருந்து கணக்குச் சொல்லித் தருகிறேன், அந்த விசைக் கணக்குகள் எனக்கும் வரும், வராவிட்டால் வரும் மாதிரி நடிக்க வரும். இல்லை, உனக்கே மனம் விட்டுப் போய்விட்டது, படிப்புச் சுமை உண்மையாகவே ஏலாது என்றால் அப்போதும் நீ விடலாம், ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக விடாதே. இரண்டு தரம் உன் படிவத்தில் நான் கை வைத்துவிட்டேன், மூன்றாம் தரத்துக்கு என்னைக் காரணமாக்காதே.

கொப்பியின் பக்கங்கள் முழுவதையும் இதோடு உம்மா படம் பிடித்து அனுப்புகிறார், அந்தப் பதினொரு மணிக் குறிப்பையும் சேர்த்துத்தான். அதை மட்டும் விரலால் மறைத்துப் பிடிக்கலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன், பதிலுக்கு ஒரு பார்வை வந்தது, விட்டுவிட்டேன். கணக்குப் பேராசிரியருக்கு இடப் பக்கத்தைக் காட்டு, கதைப் பேராசிரியருக்கு வலப் பக்கத்தைக் காட்டு, இல்லை, இரண்டு பேருக்கும் இரண்டையும் காட்டு, சண்டை பிடிக்கட்டும். எழுதினவர் றுவைஸ், கிண்ணியா என்று பெயரைத் தெளிவாகச் சொல், உன் வாப்பா என்று பொதுவாகச் சொல்லித் தப்பிவிடாதே. எரிச்சல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பதினெட்டுக் கதிரையில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் மனம் எண்ணுகிறது. ஒவ்வொரு கிழமையும் வகுப்பு முடிந்த கையோடு, இரண்டு பேரும் என்ன சொல்லிச் சண்டை பிடித்தார்கள், நீ என்ன சொன்னாய், ஒன்றும் விடாமல் எனக்கு வொய்ஸ் அனுப்ப வேண்டும். லாபிர் சேரும் கேட்க வேண்டுமாம், அவருக்கு நான் நேரம் பார்த்துச் சொல்வேன், முதலில் எனக்கு.

காதுத் தொப்பியை மறக்காதே. அல்லாஹ் உனக்கு உடம்பில் சுகத்தையும், அறிவில் பரக்கத்தையும், இரண்டு பேராசிரியர்மாரையும் ஒரு தகப்பனையும் தாங்குகிற பொறுமையையும் தரட்டும். நாளை ஐந்து மணிக்கு முன் ஒரு சொல் அனுப்பு, ‘சரி வாப்பா’ தவிர என்ன சொல்லாவது. நீ முன்னுக்குப் போ மகள், வாப்பா ஒதுங்கி நிற்கிறேன். ஆனால் வழிதான் விட்டிருக்கிறேன், கியூவை விட்டுப் போகவில்லை. உனக்கு அடுத்தது நான்தான்.

உன் மேல் பாசமும் எரிச்சலும் குறையாத வாப்பா,
ஏ. றுவைஸ்

(உம்மா எழுதுவது: எல்லாப் பக்கமும் வாசிச்சன். பொய் ஒண்டும் இல்ல. பாரை மீன் மட்டும் இல்ல, அது சூரை.)